பன்னிருவர் வட்டம்

சபை வளர்வது எச்சமயத்தார்க்கும் மகிழ்ச்சியே. ஆயினும் ஆயிரவருள் ஒருவர் வராதொழிந்தால் அதனை அறிவார் யார்?

1742ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரிலே, ஜோன் வெஸ்லியின் மெதடிஸ்த சங்கத்தார் தமது மண்டபம் கட்டிய கடனைத் தீர்க்க வழி தேடினர். அங்கத்தவரைப் பன்னிருவர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்தனர். வகுப்புத் தலைவர் வீடு வீடாகச் சென்று வாரம் ஒரு பென்னி தண்டுவார். இயலாத ஏழைக்காகத் தாமே கொடுப்பார். பென்னிக்காகக் கதவைத் தட்டியவர் உள்ளே நோயையும் பூசலையும் குடியையும் கண்டார். கடன் தீர்க்க எழுந்த வட்டம் துயர் விசாரிக்கும் வட்டமாயிற்று. பின்னர் அவர்கள் வாரந்தோறும் ஓரிடத்திற் கூடினர். பெண்களும் தலைமை தாங்கினர். சங்கம் பெருகிய காலத்தும் அவரவரைப் பெயர் சொல்லி விசாரிக்க ஒருவர் இருந்தார்.

அச்சங்கத்தார் 1814இல் இலங்கைக்கும் வந்தனர். நாம் சைவர், எனினும் இவ்வரலாறு நமது நெஞ்சைத் தொடுகின்றது. முன்னொருகால் நாம் இரு மாதம் நோயுற்றுக் கிடந்தோம். திருவிழாக் கூட்டத்தில் நமது குறை எவருக்கும் தோன்றவில்லை. நம்முடன் இருந்து புராணம் படிக்கும் அறுவரே படலையைத் திறந்து வந்தனர்.

பெருஞ் சபைக்கு மண்டபம் வேண்டும். அதனுள் இருக்கும் மனிதனுக்கு, “ஏன் வரவில்லை?” என்று கேட்கச் சிலர் வேண்டும்.