பிஸ்கட் டின் ஸ்டீரியோ

1993. என் குமாஸ்தா சம்பளத்துக்கு ஸ்டீரியோவின் விலைச் சீட்டைப் படிக்கவே தைரியம் வேண்டும். விட்டேனா? நாமே செய்வது என்று இறங்கிவிட்டேன்!

ரிச்சி தெருவில், பழைய போர்டிலிருந்து கழற்றிய டிடிஏ 2030 ஐ.சி. இரண்டு. செத்துப்போன டேப் ரெக்கார்டரின் 12-0-12 டிரான்ஸ்பார்மர். கேபினெட்? பிஸ்கட் டின்தான்! ஒரு ஸ்பீக்கர் காயலான் கடையில் கிடைத்தது. இன்னொன்று... ஹி... ஹி... பரணில் கிடந்த அப்பாவின் வால்வு ரேடியோவிலிருந்து. அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் கொடுப்பாரா?

ஞாயிறு காலை சுவிட்சைப் போட்டேன். டப்! ப்யூஸ் காலி. மாற்றினேன். மறுபடியும் டப்!

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா குரல்: "நடுவுல மைக்கா வெச்சியாடா?"

திக்கென்றது. அந்த ஐ.சி.யின் முதுகுத் தகடு உள்ளுக்குள்ளேயே மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. நான் அதை எர்த் ஆன டின்னில் நேராக முடுக்கியிருந்தேன். ஷார்ட் ஆகாமல் என்ன செய்யும்?

அப்பா எழுந்து போய், பழைய அயர்ன் பாக்ஸ் எலிமென்ட்டிலிருந்து மைக்காத் தகடு உரித்து வந்தார். திருகுக்கு பிளாஸ்டிக் புஷ். இந்தத் தடவை பாட்டு வந்தது! சத்தத்தைக் கூட்டினால் டின் தோசைக்கல் மாதிரி சுட்டது, அது வேறு விஷயம்.

அப்பா இடது ஸ்பீக்கர் பக்கமாக நாற்காலியை நகர்த்தினார்.

"இது என் ரேடியோ குரலாச்சே! கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனேடா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி சரி, சவுண்டைக் கொஞ்சம் கூட்டு!"