வயிற்றுப்பிள்ளையோடு அனுப்புங்கள்

26 ஜூலை 2024, வெள்ளி

விடியற்காலையில் 30 வாரக் கர்ப்பிணி ஒருத்தியை மலைமேலுள்ள எங்கள் மருத்துவமனைக்கு ஜீப்பில் கொண்டுவந்தார்கள். தலைப்பிள்ளை. விட்டுவிட்டு வலி. கருப்பை வாய் 3 சென்டிமீட்டர் திறந்திருந்தது, பனிக்குடம் உடையவில்லை. பார்த்ததுமே டாக்டரம்மா சொல்லிவிட்டார்: மலையை விட்டு இறக்க வேண்டும், உடனே.

மாமியார் ஒப்பவில்லை. "ஏழாம் மாசத்துப் பிள்ளை பொழைச்சுக்கும் நர்ஸம்மா, எட்டாம் மாசம்தான் ஆகாது. நீயே பாத்துரு. கீழ போனா வயித்தக் கிழிச்சுருவாங்க." இந்தப் பேச்சைக் கொல்லிமலையில் எத்தனை வீட்டில் கேட்டாயிற்று! அவரைப் பிரசவ அறைக்குள்ளேயே கூட்டிப்போனேன். "இது வார்மர், சூடு குடுக்கும். இது மூச்சு குடுக்குற பை. இங்க இருக்குறது இவ்வளவுதாம்மா. ஒன்னேகால் கிலோ பிள்ளைக்கு நுரையீரல் விரிஞ்சு நிக்காது. நாள்கணக்குல காத்து குடுக்குற மிஷினு வேணும், நுரையீரலுக்குள்ள விடுற மருந்து வேணும். அதெல்லாம் கீழதான் இருக்கு." அவர் வார்மரைத் தொட்டுப் பார்த்தார். வெளியே போய் மகனிடம், "வண்டிக்குச் சொல்லு" என்றார்.

டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் போட்டு, நேரத்தைச் சீட்டில் பெரிதாக எழுதினேன். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. வலியைத் தள்ளிப்போட மாத்திரை. டாக்டரம்மா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பிரசவ வார்டுக்கே பேசி, குழந்தைக்கும் படுக்கை உண்டா என்று உறுதிசெய்தார். 108 ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்வரை அந்தப் பெண் என் கையை விடவில்லை.

27 ஜூலை, சனி

முதல் ஊசி போட்டு 26 மணி நேரத்துக்குப் பின் சுகப்பிரசவம். ஆண், 1,240 கிராம். அதற்குள் மூன்று ஊசி போயிருந்தன. பிரசவ அறைக்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கும் நடுவே ஒரு வராந்தாதான். மூச்சுக்கு உதவ மூக்கில் சிபாப் கருவி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊசியின் விலை சில ரூபாய். பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிரும் என்று நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும் 1972-லேயே காட்டிவிட்டார்கள். அனுப்புவதற்கு முன் முதல் ஊசியைச் செவிலியரே போடலாம் என்று 2014-ல் மத்திய அரசு வழிகாட்டுதலும் தந்தது. பிள்ளை பிறந்த பிறகு அதே ஊசியைக் கையில் வைத்திருந்து பயனில்லை.

30 ஜூலை, செவ்வாய்

பையனைப் பார்க்கப் போயிருந்தேன். தாயின் பாலை ட்யூபில் கொடுக்கிறார்கள். பக்கத்து வார்மரில் 29 வாரத்துப் பெண் குழந்தை. சமவெளியில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் பிறந்தது. தாயை இரவெல்லாம் வைத்திருந்து பிரசவம் பார்த்து, காலையில் குழந்தையை மட்டும் துண்டில் சுற்றி வாடகைக் காரில் அனுப்பியிருக்கிறார்கள். ஊசியும் இல்லை, கடிதமும் இல்லை. வந்து சேரும்போது உடல் சில்லிட்டிருந்ததாம். வலி தொடங்கிய இரவில் தாயையே அனுப்பியிருந்தால் அரை மணி நேரப் பாதை. மனம் ஆறவில்லை.

பயிற்சியில் எழுதிவைத்ததை எடுத்துப் பார்த்தேன். 2010-ல் ஜாமா இதழில் வந்த தொகுப்பாய்வு: 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளில், உயர்நிலைப் பச்சிளங்குழந்தைப் பிரிவு இல்லாத மருத்துவமனைகளில் பிறந்தவர்களில் 38 சதவீதம் இறந்தார்கள், பிரிவு இருந்த இடங்களில் 23 சதவீதம்.

1 ஆகஸ்ட், வியாழன்

அந்தப் பெண் குழந்தை நேற்று இறந்துவிட்டது.

ஆடி 18 சனிக்கிழமை. கொல்லிமலையில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு மலைப்பாதை முழுக்க வண்டியாக இருக்கும்; ஆம்புலன்ஸ் இறங்கத் தாமதமாகும். 34 வாரத்துக்கு உட்பட்டவர்களில் இரட்டைப்பிள்ளை, ரத்த அழுத்தம், முன்பு குறைமாதப் பிரசவம் உள்ளவர்களைப் பட்டியலிட்டு வீடு வீடாகப் போனேன். சொந்தக்காரர் வீடு கீழே இருந்தால் இப்போதே போகச் சொன்னேன். புதிதாக வந்த செவிலியர் கேட்டாள்: "எல்லாரையும் அனுப்பிடலாமாக்கா?" கூடாது. தலை தெரியும் நிலையில் வண்டியில் ஏற்றினால் வளைவில்தான் பிரசவம். அப்போது இங்கேயே பார்த்து, குழந்தையைத் துடைக்காமல் கழுத்துவரை சுத்தமான பிளாஸ்டிக் பையில் வைத்து வார்மரில் போட வேண்டும். ஆனால் அந்த நிலைக்கு விடாமல் இருப்பதுதான் எங்கள் வேலை.

அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன்: 34 வாரத்துக்கு முன் வலி கண்ட தாயை அனுப்பாமல் வைத்துப் பிரசவம் பார்க்கும் எந்த இடமும், அரசோ தனியாரோ, ஏன் அனுப்பவில்லை என்று ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.