நாலு மணிக்கு ஒரு மிதிவெடி

வெளிநாடு போன நாலாம் நாள், பின்னேரம் நாலு மணிக்கு எனக்குப் பசித்தது. வயிறு காலி எண்டு சொல்லேலாது. மீனைத் தேங்காய்ப்பாலில் போட்டு வாழையிலையில் வைத்து அவிக்கிற அமொக், மத்தியானம்தான் சோறோடு உள்ளே போயிருந்தது. நல்ல சாப்பாடு. ஆனால் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயிற்றுக்கு நாலு மணி எண்டால் ஒரு பிளேன்ரீயும் ஒரு தட்டு ஷோட் ஈட்ஸும் வேணும்.

கம்போடியாவில் சியாம் ரீப். அங்கோர்வாட் பார்க்க மூண்டு பெடியள் காசு சேர்த்து, கொழும்பிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் போயிருந்தோம். முதல் ரெண்டு நாளும் கண்டதையெல்லாம் ஆசையாகச் சாப்பிட்டோம். காலமை சூப்புக்குள் மிதக்கிற நூடில்ஸ், ரோட்டுக்கரையில் பாணைப் பிளந்து இறைச்சி வைத்துத் தாற நும் பாங். மூண்டாம் நாள் ஒருத்தன், "இப்ப ஒரு கொத்து அடிச்சா எப்பிடி இருக்கும்?" எண்டு கேட்டான். அதோடு எல்லாருக்கும் வாய் கெட்டுப்போச்சு. ஊரில் ஹொஸ்பிடல் ரோட்டில் இருக்கிற அதே கே.எஃப்.சி. கோழியைத் தேடிப் போய்ச் சாப்பிட்டும் பார்த்தோம். வயிறு நிரம்பியது, ஆசை போகவில்லை.

அம்மாவின் புட்டையோ ஒடியல் கூழையோ ஒருத்தரும் நினைக்கவில்லை எண்டதுதான் எனக்கே புதினம். நாங்கள் ஏங்கினது கண்ணாடிப் பெட்டிக்குள் எண்ணெய் மினுங்கக் கிடக்கிற மிதிவெடிக்கு.

யாழ்ப்பாணத்துக்கு வெளியிலிருந்து வாசிக்கிறவைக்கு ஒரு விளக்கம். மிதிவெடி எண்டது ரோல்ஸின் பெரியண்ணன். உருளைக்கிழங்கும் இறைச்சியும் அவிச்ச முட்டையும் வைத்துச் சுற்றி, பாண்தூளில் பிரட்டிப் பொரிப்பார்கள். வெளியில் ஒண்டும் தெரியாது, கடிச்சால்தான் முட்டை. யுத்தம் தந்த பெயர். கடையில் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து மேசையில் வைப்பினம். சாப்பிட்டதுக்கு மட்டும்தான் காசு. சின்ன வயதிலிருந்து அந்தச் சொல்லை ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன்.

அண்டைக்கு நாங்கள் தா ப்ரோம் பார்த்துக்கொண்டிருந்தோம். மரவேர்கள் கோயிலை விழுங்கின படங்கள் பார்த்திருப்பியள், அந்த இடம். வெயிலில் நடந்து களைத்து வரும்போது, பாதையோரத்து நிழலில் கொஞ்ச ஆக்கள் இருந்து வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல இசை. கேட்டுக்கொண்டே கிட்டப் போனோம். நண்பன் வழக்கம்போல, "டேய், இப்ப மட்டும் ஒரு மிதிவெடி கிடைச்சுதெண்டால்..." எண்டு தொடங்கினான்.

பாதியில் நிண்டுட்டான். வாசித்தவர்களில் ஒருவர் தன் செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். முன்னாலிருந்த பலகையில், தாங்கள் மிதிவெடியில் காயப்பட்டவர்கள் எண்டு இங்கிலீசில் எழுதியிருந்தது.

அங்கே தமிழ் விளங்கின ஆக்கள் நாங்கள் மூண்டு பேர்தான். அவருக்கு ஒண்டும் கேட்டிருக்காது. எங்களுக்குக் கேட்டது. பெட்டிக்குள் ஆளுக்கு ஒரு டொலர் போட்டுவிட்டு ஒண்டும் கதைக்காமல் நடந்தோம்.

கம்போடியாவில் 1979 இலிருந்து 60,000 பேருக்கு மேல் மிதிவெடியிலும் வெடிக்காத குண்டுகளிலும் செத்தோ காயப்பட்டோ இருக்கிறார்கள். ஹலோ ட்ரஸ்ட் அங்கே 1991 இலிருந்தும் இலங்கையில் 2002 இலிருந்தும் வெடி கிண்டுகிறது. மிதிவெடியைத் தடை செய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் கம்போடியா 1999 இல் சேர்ந்தது, இலங்கை 2017 இல். இதையெல்லாம் அண்டிரவு ஹொட்டல் அறையில் படுத்துக்கொண்டு போனில் வாசித்தேன். வாசிக்க வாசிக்க மாமாவின் நினைவுதான் வந்தது.

மாமாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழ் இல்லை. 2002 சமாதான காலத்தில் பளைப் பக்கம் காணியைப் பார்க்கப் போனவர். அப்ப எனக்கு ரெண்டு வயது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, பின்னேரங்களில் என்னைக் கடைக்கு அனுப்பி மிதிவெடி வாங்கிச் சாப்பிடுகிறவரும் அவர்தான். அந்த ரெண்டையும் நான் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

வாட்ஸ்அப்பில் எடுத்தேன். சுத்தி வளைச்சு, "மாமா, உங்களுக்கு அந்தப் பேர் ஒரு மாதிரி இல்லையே?" எண்டு கேட்டேன்.

"எந்தப் பேர்?"

சொன்னேன். சிரித்தார். "இதுக்குள்ள முட்டையாவது இருக்கடா."

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "முதல் வருசம் நான் அந்தச் சொல்லைச் சொல்லேல்ல. கடைக்குப் போனா ரோல்ஸ்தான் கேப்பன். ஒருநாள் என்னவோ, நானே வாயைத் திறந்து 'ரெண்டு மிதிவெடி தா' எண்டிட்டன். கடையில நிண்ட பெடியன் என்ர காலைப் பாத்திட்டு அப்பிடியே நிண்டான். 'என்னடா பாக்கிறாய், சூடா எடு' எண்டன். அண்டைக்குப் பிறகு பிரச்சினையில்லை."

நாங்கள் அந்தச் சொல்லை யோசிக்காமல் சொல்லிப் பழகினோம். அவர் ஒரு வருசம் எடுத்துத்தான் அதைச் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வரும்போது ஏ-9 இல் பஸ் முகமாலையைக் கடந்தது. பாதை திறந்த புதிதில், பத்து வயதில், இந்த இடத்தில்தான் யன்னலுக்கு வெளியே மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசித்தேன். கடைப்பெட்டியில் இருக்கிற அதே சொல். அப்ப எனக்கு அது சிரிப்பாக இருந்தது, அம்மா தொடையில் கிள்ளினவ. ஏன் எண்டு இப்ப விளங்குது.

வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு நேரே கடைக்குத்தான் போனேன். "நாலு மிதிவெடி" எண்டு கேட்கும்போது என் குரல் எனக்கே கேட்டது. பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய் மாமாவிடம் நீட்டினேன். ஒரு கடி கடித்துவிட்டுச் சொன்னார்:

"ஆறிப்போச்சு. சூடா எடு எண்டு கேக்கத் தெரியாதே உனக்கு?"