கொல்லைப்புறத்துக் குடிகள்

காயல்பட்டினத்து வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. தெருவாசலில் நுழைந்து, அறைகளைக் கடந்து, அடுக்களையையும் தாண்டினால்தான் கொல்லை கண்ணில் படும். மணமானபின் ஆண்மகன் மனைவியின் இல்லத்தில் வாழ்வது எங்கள் ஊர் வழக்கம். ஆதலால் நான் பிறந்த வீடு இன்று என் தங்கைக்குரியது. உம்மாவைக் காணச் செல்லும்போதெல்லாம் அந்தக் கொல்லையையும் ஒருமுறை பார்த்துவிட்டே திரும்புவேன்.

சென்ற மழைக்காலம் முடிந்தபின் போனபோது, அங்கே சிமெண்டு மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன.

"உம்மா ரெண்டு தடவை வழுக்கி விழுந்துட்டாங்க, காக்கா. முழுசும் தளம் போட்டுறலாம்னு இருக்கோம்" என்றாள் தங்கை.

அவள் அச்சம் நியாயமானதே. மறுத்துப் பேச நா எழவில்லை. எனினும் அன்று மாலைவரை அங்கேயே அமர்ந்திருந்தேன்.

இரண்டு சென்ட் நிலம்தான். முருங்கை, எலுமிச்சை, மருதாணி, கிணற்றோரம் வாழை. எவரும் நடாமல் முளைத்த எருக்கு. முருங்கைப் பூக்களைக் கருவண்டு மொய்த்தது. அது பூவுக்குப் பூ மகரந்தம் சுமப்பதால்தான் நம் குழம்புக்குக் காய் கிடைக்கிறது. எலுமிச்சை இலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருந்தது ஒரு புழு. அது வளர்ந்து பச்சை நிறம் பூண்டு, கூட்டுப்புழுவாகி, பின் வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். எருக்கிலையைத் தின்ற வேறொரு புழுவோ அச்செடியின் நஞ்சையே தன் கவசமாக்கிக் கொள்வது. பறவைகள் அதைத் தொடத் தயங்கும். மண்குடுவை கட்டிய குளவி, தன் குஞ்சுக்கு உணவாகப் புழுவொன்றைத் தூக்கிச் சென்றது. எலுமிச்சை இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடமைத்திருந்தது தையல்சிட்டு. பூச்சி புழுக்கள் இல்லையேல் அதன் குஞ்சுகளுக்கு இரையேது?

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிபர் ஓவன் என்னும் உயிரியல் அறிஞர், 1972 முதல் 2001 வரை முப்பது ஆண்டுகள் தம் வீட்டுத் தோட்டத்து உயிர்களைப் பதிவு செய்தார். செடிகொடிகளையும் சேர்த்து அவர் கண்டவை 2,673 இனங்கள். அவற்றுள் பூச்சிகள் மட்டும் 1,997. அதுவும் காடன்று, நகரத்து வீடொன்றின் தோட்டமே.

இதைத் தங்கையிடம் சொன்னேன். மழைநீர் மண்ணில் இறங்காவிடில் கடலோரத்துக் கிணறு உப்பாகும் என்பதையும் சொன்னேன். அதுவரை பேசாதிருந்த உம்மா, "கிணறு வரைக்கும் ஒரு பாதை போதும், வாப்பா. மருதாணியை வெட்டிடாதீங்க, பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு வேணும்" என்றார்கள். உம்மாவுக்காகச் செய்யவிருந்த வேலையைப் பற்றி உம்மாவிடம் நாங்கள் எவருமே கேட்டிருக்கவில்லை!

மூன்றடி அகலத்தில் பாதை போட்டு, பிடித்து நடக்கக் குழாயும் பதித்தார்கள். உம்மா பிறகு விழவில்லை. பாதைக்காக எருக்கு மட்டும் போயிற்று. அதனோடு அந்தப் புழுவும் போயிற்று. தையல்சிட்டின் குரல் இன்றும் கேட்கிறது.

கொல்லைக்குத் தளம் போட எண்ணும் சகோதர சகோதரிகளே, கொத்தனாரை அழைக்குமுன் ஒரு மாலைப்பொழுது அங்கே அமர்ந்து பாருங்கள். குடியிருப்போர் எத்தனைபேர் என்று தெரிந்தபின் முடிவெடுங்கள்.