பட்டறையின் ஆங்கிலம்

மார்ச் 3

மதுரைக்கு அமெரிக்க மிஷன் வந்தது 1834இல், யாழ்ப்பாணத்திலிருந்து. ஊர் ஊராகப் பள்ளி வைத்தார்கள். 1881இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரியை 1909இல் கோரிப்பாளையத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1948இல் லேடி டோக் கல்லூரியும் வந்தது. இத்தனை நெடிய உறவு இருந்தும், ஊர்ப்பேச்சில் கலந்த ஆங்கிலத்தில் அமெரிக்கத் தடம் மிகக் குறைவு. ட்ரக் என்பதில்லை, லாரிதான். அமெரிக்கர் வண்டிக்குப் போடும் ‘கேஸ்’ நமக்கு அடுப்பில் எரிவது, வண்டிக்குப் பெட்ரோல்தான். பட்டறைக்குள் போனால் பானட், டிக்கி, ஸ்பேனர், சைலன்சர் எல்லாமே பிரிட்டிஷ் வழக்கு. சைலன்சருக்கு அமெரிக்கர் சொல்லும் மஃப்ளர், இங்கே மார்கழிக் குளிருக்குக் கழுத்தில் சுற்றுவது. மாற்றுச் சக்கரத்தை ஸ்டெப்னி என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டு லானெல்லியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்து விற்ற சக்கரத்தின் பெயர். பிரிட்டனிலேயே மறைந்துபோன அந்தப் பெயரை நம் மெக்கானிக்குகள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ரயிலடியிலும் இதே கதை: கார்டு, கூட்ஸ் வண்டி, லெவல் கிராசிங். பொருளைக் கையில் கொடுப்பவரே சொல்லையும் கொடுக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு அந்த வலு இல்லை.

மார்ச் 4

மிஷனரிகள் தமிழ் கற்றுத் தமிழிலேயே போதித்தார்கள், பிறகு அவர்கள் ஆங்கிலம் எப்படிப் பரவும் என்று கேட்கலாம். கிராமப் பள்ளிகளுக்கு இது பொருந்தும், கல்லூரிக்குப் பொருந்தாது. அங்கே பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வரும்வரை தேர்வு வைத்தது சென்னைப் பல்கலைக்கழகம். அமெரிக்கப் பேராசிரியரே ஆனாலும் மாணவரை அந்தத் தேர்வுக்குத்தான் தயார் செய்தாக வேண்டும். படித்து முடித்தவர் தேடிப்போன கோர்ட்டும் கலெக்டர் ஆபீசும் பிரிட்டிஷ்காரருடையவை.

உச்சரிப்பைக் காட்டியும் மறுக்கலாம். ‘கார்’, ‘டாக்டர்’ என்று ரகர ஒற்றை நாம் முழுசாகச் சொல்கிறோம். லண்டனில் படித்தவர் அதை விழுங்குவார், அமெரிக்கர் சொல்வார். இது அமெரிக்கப் பள்ளிகள் தந்ததா? அந்த மிஷன் எட்டிப்பார்க்காத தஞ்சாவூரிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். எழுதியிருப்பதை ஒலிப்பது நம் பழக்கம், அவ்வளவே. இதைப் பிழையென்று திருத்துபவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஸ்காட்லாந்துக்காரரும் அயர்லாந்துக்காரரும் ஒலிக்கும் எழுத்தை மேலூர்ப் பிள்ளை ஒலித்தால் மட்டும் எப்படித் தப்பாகும்? இன்டர்வியூவில் வாய் திறக்கவே பிள்ளைகள் கூசுவதற்கு இப்படிப்பட்ட திருத்தங்களும் காரணம்.

மார்ச் 6

இப்போது எல்லாமே அமெரிக்க மயம் என்பவர்கள் செல்போனையும் ஏடிஎம்மையும் காட்டுவார்கள். சரிதான், பிரிட்டனில் முன்னதை மொபைல் என்றும் பின்னதை கேஷ்பாயிண்ட் என்றும் சொல்வதே வழக்கம். ஆனால் இவை நம் கைக்கு வந்த காலத்தில் பிரிட்டனுக்கு இங்கே செல்வாக்கில்லை. பொருளோடு சொல் வரும் என்பதற்கு இவையும் சான்றுதான். பழையதைத் தள்ளிவிட்டு இவை வரவில்லை. காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தன. உண்மையில் ஆபத்தில் இருப்பது ‘இசட்’. யூடியூப் பாட்டில் குழந்தைகள் அதை ‘ஸீ’ என்றே கேட்டு வளர்கிறார்கள், ராகமும் அதற்குத்தான் ஒத்துவருகிறது. இன்னும் ஒரு தலைமுறையில் இசட் போய்விடக்கூடும். ஸ்டெப்னி போகாது. அதைக் கழற்றி மாட்டக் கற்கும் பையன், பட்டறையில் மூத்த மெக்கானிக்கின் வாயிலிருந்துதான் அதன் பெயரைக் கேட்கிறான்.