ஓர் ஆள் கூரை

மும்பையில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கும். அதற்குப் பதினைந்து நாள் முன்பே தாராவி 90 அடிச் சாலையின் கடை வாசல்களில் நீலத் தார்ப்பாய்ச் சுருள்கள் வந்து நிற்கும். வீட்டுக் கூரைக்கு மேல் போர்த்துவதற்காக வாங்குபவருக்குக் கேள்வி எளிது: எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம். கூரையைத் தன்னோடு இழுத்துச் செல்ல வேண்டியவருக்கு இந்த மூன்றும் போதா. மடித்தால் எங்கே வைப்பது, விரிக்க எவ்வளவு நேரம் ஆகும், எந்தத் திசைக் காற்றைத் தாங்கும், கிளம்பச் சொன்னால் எத்தனை நொடியில் கிளம்பலாம் என்று கேள்விகள் நீளும்.

அப்படிப்பட்ட ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து வந்து தாராவியில் இருபத்தேழு ஆண்டுகளாக இட்லி விற்கிறார். தொடக்கத்தில் மாமாவோடு மாட்டுங்காவில் விற்றார். இப்போது செம்பூர் ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கிறார். மனைவி இரவு மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறார். ஐந்தரைக்கு மிதிவண்டி கிளம்புகிறது. முந்நூறு இட்லி ஏறத்தாழ 14 கிலோ, சாம்பார் 10 லிட்டர், சட்னி 5 லிட்டர். தட்டு கழுவத் தண்ணீர் தனி. இவ்வளவும் பின்பக்கக் கேரியரின் மேல் உயர்ந்து நிற்பதால் ஈரச் சாலையில் வண்டி தள்ளாடும். சென்ற மழைக்காலத்தில் சயான் அருகே சறுக்கி விழுந்தபோது சாம்பார் முழுவதும் சாலையோடு போயிற்று. அதன் பிறகுதான் மிதிவண்டிக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் தாழ்வான இரண்டு சக்கரச் சிறுவண்டி ஒன்றைச் செய்துகொள்ளும் எண்ணம் வந்தது. வண்டிக்கு இரும்புச் சட்டம் போதும். பட்டறைக்காரர் இரண்டு நாளில் முடித்துத் தருவார். கூரைதான் ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டது.

முதலில் பெரிய குடை. எட்டடி விட்டம் கொண்ட தோட்டக்குடை கடையில் பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் அதன் காலை ஊன்ற இரும்போ கல்லோ வேண்டும். இழுத்துச் செல்பவருக்கு அது வீண் சுமை. மேலும் குடை என்பது மழை நேராகப் பெய்யும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட பொருள். மும்பை மழை பெரும்பாலும் அரபிக்கடல் காற்றோடு மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் சாய்ந்து வருவது. குடையின் கீழ் நிற்பவருக்கு இடுப்புக்குக் கீழே பாதுகாப்பில்லை. இட்லிப் பாத்திரமும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அடுத்தது நான்கு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும். மலிவு, எடையும் குறைவு: 200 கிராம் வகையில் 2 மீட்டருக்கு 3 மீட்டர் எடுத்தால் 1.2 கிலோதான். ஆனால் கட்டவும் அவிழ்க்கவும் ஆறேழு நிமிடம் போய்விடும். மூன்றாவது மழைக்கோட்டு. அது ஆளைக் காக்கும், இட்லியைக் காக்காது.

கடைக்காரர் தார்ப்பாயை ‘தாட்பத்ரி’ என்கிறார். மராத்தியிலும் குஜராத்தியிலும் மும்பை இந்தியிலும் வழங்கும் இந்தச் சொல்லைப் பிரித்தால் கிடைப்பது ‘பனையோலை’. ஆங்கில டார்பாலின் தமிழில் வேறு வழியில் வந்தது. அங்கே ‘டார்’ என்பது கீல். தமிழரும் அதைத் ‘தார்’ என்றே வழங்குகின்றனர். எஞ்சிய ஒலியின் இடத்தில் வீட்டிலிருந்த ‘பாய்’ வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு மொழி பிளாஸ்டிக் விரிப்பில் ஓலையைப் பார்க்க, இன்னொரு மொழி பாயைப் பார்த்திருக்கிறது. இரண்டும் ஒன்றாகவே இருந்த காலம் நற்றிணையில் உண்டு. இடைக்காடனார் பாடிய 142ஆம் பாடலில் பால் விற்கும் இடையன் ஒருவன் தீக்கடைகோல் முதலிய கருவிகளைத் தோற்பையில் சுருக்கி வைத்து, பறியை முதுகில் போட்டுக்கொண்டு, மழையில் கோலை ஊன்றி ஒடுங்கி நிற்கிறான். பறி என்பதற்கு உரைகாரர்கள் தரும் பொருள் பனையோலைப் பாய். அப்படியும் தூவல் அவன் உடலின் ஒரு பக்கத்தை நனைக்கிறது. தன் கூரையைத் தானே சுமக்கும் தொழிலாளியைப் பற்றி இவ்வளவு துல்லியமான குறிப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. மழை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைக்கூடப் புலவர் விட்டுவிடவில்லை.

கொங்கணத்து உழவர் நாற்று நடும்போது தலையிலிருந்து முதுகுவரை மூடுமாறு அணியும் மூங்கிலும் இலையும் சேர்ந்த மழைக்கூடு மராத்தியில் ‘இர்லே’. கைகள் இரண்டும் வேலைக்கு விடுபட்டிருப்பது அதன் சிறப்பு. தமிழில் மழைக்குத் தலையில் இட்டுக்கொள்ளும் கோணி, ஓலை வகைகளுக்குக் கொங்காணி, கொங்காடை என்ற பெயர்கள் உண்டு. கொங்காணி என்ற சொல்லைக் கேட்டதும் கொங்கணத்தை நினைக்கத் தோன்றும். ஒலி ஒற்றுமை மட்டும் வேர்ச்சொல்லுக்குச் சான்றாகாது என்பதால் அந்த ஆசையை இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

இட்லிக்காரரின் மகள் மாட்டுங்காவில் கல்லூரியில் படிக்கிறாள். தந்தை குடைக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே அலைந்துகொண்டிருந்த நாள்களில், ஒருவர் மட்டும் அமரக்கூடிய இழுவைக் கூடாரம் ஒன்றின் படத்தை அவள் கைப்பேசியில் காட்டினாள். அது உறைந்த ஏரியின் மேல் மீன் பிடிப்பவர்களுடையது. அமெரிக்காவின் மினசோட்டா, கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில் குளிர்காலத்தில் ஏரி உறைந்த பிறகு, பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் இறக்குகிறார்கள். ஓரிடத்தில் மீன் அகப்படாவிட்டால் எழுந்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். ஆகவே மினசோட்டாவின் டேவ் ஜென்ஸ் போன்றோர் சறுக்குப் பலகையையே அடித்தளமாக வைத்து, அதிலேயே இருக்கையைப் பொருத்தி, துணிக்கூரையை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கவிழ்க்கும் வகையைப் பரவலாக்கினர். கிளம்பும்போது கூரை பின்னால் சாய்ந்து படுத்துவிடும். தூண்டிலும் விளக்கும் பலகைக்குள்ளேயே இருக்கும்.

தாராவிக்கு இந்தப் படத்தால் என்ன பயன் என்று எண்ணலாம். பயன் நிறையவே இருந்தது. கவிழும் கூரை என்பது ஆட்டோவின் ஹூட்தான். நகரின் தென்பகுதிக்குள் ஆட்டோக்களுக்கு அனுமதியில்லை. சயானோடு அவை திரும்பிவிடும். அதனால் இந்த எல்லைப் பகுதியில் ஆட்டோக்களுக்கும் ஹூட் தைப்பவர்களுக்கும் குறைவில்லை. இரண்டாவது, பூட்டும் முறை. பனிச்சறுக்குப் பலகையைக் கயிற்றால் இழுத்தால், முன்வண்டி நிற்கும்போது பலகை வழுக்கிவந்து பின்னால் மோதும். அதனால் விறைப்பான இழுவைத்தண்டு வைக்கிறார்கள். முப்பது கிலோச் சுமையோடு சயானில் பிரேக் பிடிக்கும் மிதிவண்டிக்கும் இதே கணக்குத்தான். மூன்றாவது, காற்று. ஏரியில் கூடாரத்தின் முதுகைக் காற்றுக்குக் காட்டி வைப்பார்கள். பலத்த காற்றென்றால் பனிக்கட்டியில் திருகாணி இறக்கிக் கட்டுவார்கள். நடைபாதையில் ஆணி அடிக்க முடியாது. இட்லிக்காரருக்குச் சரக்கின் எடைதான் நங்கூரம். விற்க விற்க அது குறைந்துகொண்டே போகும். ஒன்பதரை மணிக்குப் பாத்திரம் காலியாகும் நேரத்தில் காற்று மட்டும் மிச்சமிருக்கும். இழுவைத்தண்டைக் கழற்றாமல் விட்டால் மிதிவண்டியின் எடையும் சேர்ந்து பிடிக்கும் என்று கண்டுபிடித்தவர் அவரே. அது எந்தப் படத்திலும் இல்லை.

ஆனால் ஏரிக்காரருக்கும் இவருக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. மீனைத் தேடி இடம் மாறுவது அவருடைய விருப்பம். சட்டமும் அவருடைய துணிக்கூடாரத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஒன்டாரியோவின் பல பகுதிகளில் மீன்பிடிக் குடிலைப் பதிவு செய்து அதன் மேல் எண்ணை எழுத வேண்டும். தளம் 7 சதுர மீட்டருக்கு மிகாத துணிக்கூடாரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மும்பைத் தெருவின் அளவு வேறு. பம்பாய் ஹாக்கர்ஸ் யூனியன் வழக்கில் 1984இல் உச்சநீதிமன்றம் வகுத்த நிபந்தனைகளின்படி நடைபாதை வணிகருக்கு உரியது 1 மீட்டருக்கு 1 மீட்டர். அதில் மேசையோ தாங்கியோ எவ்வகைக் கட்டுமானமோ கூடாது, கைவண்டியும் கூடாது. எனினும் வெயில், மழை, காற்றிலிருந்து தம் சரக்கைக் காத்துக்கொள்ளலாம் என்றது தீர்ப்பு. சரக்கை. அந்த ஒரு சதுர மீட்டரில் சரக்கோடு நிற்கும் ஆளைப் பற்றி அந்த வரி எதுவும் சொல்லவில்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் தற்காலிகக் கட்டமைப்பிலிருந்து விற்பவரையும் இடம் மாறிச் சென்று விற்பவரையும் வரையறைக்குள் கொண்டுவந்தது உண்மைதான். ஆனாலும் சரக்கு முதலில், ஆள் பிறகு என்ற வரிசை சட்டத்தோடு பிறந்ததன்று. சட்டத்தோடு மறையக்கூடியதும் அன்று.

ரிக்‌ஷாவை எடுத்துக்கொள்ளலாம். அதன் மடக்குக்கூரை உலகத்தின் நல்ல சிறு கூரைகளில் ஒன்று. அது பயணிக்கு மட்டும் உரியது. இழுப்பவர் அந்தக் கூரையின் எடையையும் சேர்த்து மழையில் இழுத்தார். 1960களில் எம்.ஜி.ஆர். சென்னை ரிக்‌ஷாக்காரர்களுக்கு மழைக்கோட்டு வழங்கிய நிகழ்ச்சி இன்றும் பேசப்படுவதற்கு அவருடைய புகழ் மட்டும் காரணமாக இருக்க முடியாது. வண்டியை வடிவமைத்தவர்கள் விட்டுவிட்ட ஒரு முதுகை ஒருவர் கண்டுகொண்டார் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். கையால் இழுக்கும் ரிக்‌ஷா தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டது 1973இல்.

பட்டறையில் கடைசியாக எழுந்த கேள்வியும் இதுதான். வளைகுழாயின் உயரம் பாத்திரத்துக்கா, ஆளுக்கா? பாத்திரத்துக்கு என்றால் மூன்றடி போதும்; எடை குறையும், காற்றும் பிடிக்காது. ஆளுக்கு என்றால் ஐந்தே முக்கால் அடி. மூன்று கிலோ கூடும், கூரை பாய்மரமாகிவிடும். தந்தை யோசிக்காமல் மூன்றடி என்றார்.

“சாம்பார்ல தண்ணி விழக்கூடாது தாயி. நான் நனைஞ்சா துவட்டிக்கிடுவேன்.”

“காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துட்டா அந்தச் சாம்பார யாருப்பா விக்கது?” என்றாள் மகள்.

அவர் பதில் சொல்லவில்லை. பட்டறைக்காரரிடம் குழாயின் விலையைக் கேட்டார். இருபத்தேழு ஆண்டுகளாக வாடிக்கையாளர் எல்லாரும், தன்னைவிட மூத்தவர்கள் உட்பட, அவரை ‘அண்ணா’ என்றே அழைக்கிறார்கள். மும்பையில் அது உறவுப்பெயராக இருப்பதை விட்டு இட்லி விற்பவரின் தொழிற்பெயராகி வெகுகாலமாயிற்று. நனைவதும் அந்தப் பெயரோடு சேர்ந்த வேலை என்று அவர் எண்ணியிருக்கக்கூடும்.

முடிவில் குழாய்க்குள் குழாய் வைத்தார்கள். இரண்டு இடத்தில் துளை, ஒரே ஆணி. சாலையில் செல்லும்போது கூரை பாத்திரத்தின் மேல் தாழ்ந்து கிடக்கும். நிலையத்தருகே நின்றதும் ஆணியை உருவி ஒரு கையால் உயர்த்தினால் ஆளையும் மூடும். மேற்குப் பக்கம் மட்டும் முழங்கால்வரை ரெக்ஸின்; கிழக்கு வாடிக்கையாளருக்குத் திறந்தது. கித்தான் வேண்டாம் என்று முடிவானது. நனைந்தால் அதன் எடை கூடிவிடும். மடக்கிக் கிளம்ப முதல் நாள் நாற்பது நொடி ஆயிற்று, வாரக் கடைசியில் பதினைந்து.

ஜூலையில் ஒரு குறை தெரிந்தது. உயர்த்திய நிலையில் கூரையின் நடுவே தண்ணீர் குளம் கட்டி, வழிந்தபோது இட்லி வாங்க நின்றவரின் தோளில் கொட்டியது. ஹூட் தைப்பவர் மேற்குப் பக்கமாகச் சரிவு கொடுத்துத் திரும்பத் தைத்து, ஓரத்தில் இரட்டை மடிப்பு வைத்தார். தையற்கூலி வாங்கவில்லை, நான்கு நாள் காலைச் சிற்றுண்டிக்குக் கணக்கு நேராயிற்று.