இந்த வருஷம் கப்பு நமக்குத்தானா, தாத்தா?

(பதினோராம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

சாந்தோமில் எங்கள் வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வந்ததும் ஒரு சபை கூடும். தலைவர் என் தாத்தா. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உறுப்பினர்கள் கோட்டூர்புரத்திலிருந்து வரும் சித்தப்பா, கல்லூரியில் படிக்கும் என் அண்ணன், எதிர்வீட்டு மாமா ஆகியோர். எதிர்வீட்டு மாமாவுக்குக் கிரிக்கெட்தான் உயிர். அம்மா போடும் காப்பிக்காக வந்து உட்காருகிறார் என்பது என் சொந்தக் கருத்து. நான் சபையின் காரியதரிசி. காப்பி கொண்டுவருவதும் டம்ளர்களைத் திரும்ப எடுத்துப்போவதும் என் பொறுப்பு. பேசப்படும் பொருள் எப்போதும் ஒன்றே: வரப்போகும் சீசனில் நம் சென்னையின் எஃப்.சி. எத்தனையாவது இடத்தில் வரும்?

தோழியரில் பலருக்கு இந்த அணியைத் தெரியாமலிருக்கலாம். தோனியும் நடிகர் அபிஷேக் பச்சனும் உரிமையாளர்களாகச் சேர, 2014-இல் ஐ.எஸ்.எல். போட்டிக்கென்று தொடங்கப்பட்ட அணி இது. சட்டை நீல நிறம். சொந்த மைதானம் பெரியமேட்டு நேரு ஸ்டேடியம். அந்த இடத்தைத் தாத்தா இன்னமும் ‘கார்ப்பரேஷன் ஸ்டேடியம்’ என்றுதான் சொல்வார். எதிர்வீட்டு மாமா உடனே, “1956-இல் மன்கடும் பங்கஜ் ராயும் 413 ரன் அடிச்சது அங்கேதானே!” என்பார். அன்றைய சபை அரை மணி நேரம் கிரிக்கெட்டில் கழிந்துவிடும். இந்த மாமாதான் ஒருமுறை கேரளா பிளாஸ்டர்ஸ் அணி ஆட வந்தபோது, எங்களோடு வருகிறேன் என்று தம்முடைய சி.எஸ்.கே. மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவர். கேரள அணியின் நிறமும் மஞ்சள் என்பது அவருக்குத் தெரியாது. பாவம், ஆட்டம் முடியும்வரை சித்தப்பாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு இந்த அணியின்மேல் எப்படி ஆசை வந்தது என்று சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எனக்கு ஆறு வயது. அடையாற்றுத் தண்ணீர் சித்தப்பா வீட்டில் இடுப்பளவு ஏறிவிட்டதால் அவர் குடும்பமும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு அறைகளில் பத்துப் பேர். அதே வெள்ளத்தால் நம் அணிக்கும் வீடில்லாமல் போயிற்று. கொல்கத்தாவுக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டத்தைச் சென்னையில் நடத்த முடியாமல் புனேயில் நடத்தினார்கள். நம்மவர்கள் 3-0 என்று ஜெயித்தார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. அம்மா, “போதும், எழுந்து சாப்பிட வாங்க” என்றாள். தாத்தா மட்டும் எழவில்லை. 90-ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் மேல் பட்டே பந்து உள்ளே போயிற்று. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் மென்டோசா மூன்றாவது கோலைப் போட்டார். வீட்டை இழந்து வந்திருந்த சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றிய சுற்றில் என் தலை கதவில் இடித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால் பிறகு நம்பிக்கையைக் கைவிடுவது கஷ்டம். சித்தப்பாவின் வாதமே அதுதான். ஒவ்வொரு சீசனுக்கு முன்பும், “இந்தத் தடவை கப்பு நமக்குத்தான்” என்பார். அண்ணன் நோட்டுப் புத்தகத்தோடு வருவான். 2018 மார்ச்சில் பெங்களூரில் பெங்களூர் அணியையே 3-2 என்று வென்று இரண்டாவது முறை சாம்பியன் ஆனோம். வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் அந்த இறுதியில் ஆடினார். அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் 2 வெற்றி மட்டுமே. பத்து அணிகளில் பத்தாவது இடம். அதற்கடுத்த சீசன் தொடக்கத்திலும் தடுமாற்றந்தான். 2019 டிசம்பரில் ஓவன் காயில் பயிற்சியாளராக வந்தபின் அதே ஆட்டக்காரர்கள் இறுதி ஆட்டம்வரை போனார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூட்டிய அரங்கில், பார்க்க ஒருவருமில்லாமல், 3-1 என்று தோற்றார்கள். “ஆக, எதையும் கணிக்க முடியாது” என்று அண்ணன் நோட்டை மூடுவான். அப்படியென்றால் நோட்டு எதற்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சண்டை வரும்.

தாத்தா கடைசியில்தான் பேசுவார். அவர் அளவுகோல் வேறு. “நடுவிலே ஆடறவன் பந்து வர்றதுக்கு முன்னாடி தலையைத் திருப்பிப் பார்க்கிறானா? பார்த்தான்னா நாலாவது இடம். இல்லேன்னா எட்டு.” 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக கோல் போட்ட நம் சைமன் சுந்தரராஜைப் பற்றியும் அவ்வப்போது சொல்வார். அதற்குப்பின் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி ஆடவேயில்லை என்பதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

தலையைத் திருப்பிப் பார்ப்பதைப் பற்றி இவ்வளவு பேசும் தாத்தாவுக்கே, பக்கவாட்டுப் பார்வை போய்க்கொண்டிருந்தது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. 2024-இல் ஒரு ஆட்டத்தின்போது நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நம் ஆட்டக்காரர் ஒருவர் இடது ஓரமாகப் பறந்துகொண்டிருந்தார். கூட்டமே எழுந்து நின்று கத்தியது. தாத்தா மட்டும், “பந்து எங்கேம்மா?” என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டார்.

கண் டாக்டர் பல பரிசோதனைகள் செய்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, க்ளோக்கோமா என்றார். ஓரத்திலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வருமாம். நடுவில் தெளிவாகத் தெரிவதால் நோயாளிக்கே நெடுநாள் தெரியாதாம். போன பார்வை திரும்பாது, தினமும் சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது தாத்தா சொன்னார்: “பந்து தெரியுதும்மா. அது யார்கிட்டே போகப்போவுதுன்னுதான் தெரியலே.”

அன்றிலிருந்து நான் அவருக்கு இரண்டு ஓரங்களும் ஆனேன். “வலப்பக்கம் ஆள் சும்மா நிக்கிறார் தாத்தா. இடது பக்கம் ரெண்டு பேர் வர்றாங்க.” முதலில் மிக மெதுவாகச் சொன்னேன், நான் சொல்லி முடிப்பதற்குள் பந்து எதிரி காலுக்குப் போய்விடும். இப்போது கொஞ்சம் தேறிவிட்டேன். ‘சூப்பர் மச்சான்ஸ்’ ரசிகர்கள் மேளம் அடிக்கும் பக்கத்தில் உட்கார்ந்தால் தொண்டை போய்விடும் என்பதுதான் ஒரே கஷ்டம். மறுநாள் தமிழ்ச் செய்யுள் ஒப்பிக்க வேண்டிய நாளாக இருந்தால் இன்னும் கஷ்டம்.

2024-25 சீசனில் 13 அணிகளில் நாம் பதினொன்றாவது. அந்தக் கோடையில் சபை மும்முரமாகக் கூடியது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று நம் வாசலிலேயே எல்லாம் முடிவாயிற்று. ஜூலை மாதம் செய்தி வந்தது: புதிய சீசன் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய நிறுவனத்துக்கும் 2010-இல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது. அடுத்து என்ன என்று தெரியாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது என்றார்கள். ஆகஸ்டில் நம் அணியும் தன் வேலைகளை நிறுத்தி வைத்தது. காயில் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு சபை கூடியது. ஆனால் பேச ஒன்றுமில்லை. எத்தனையாவது இடம் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு, இடமே இருக்கிறதா என்று கேட்கத் தெரியவில்லை. எதிர்வீட்டு மாமா அன்று கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் மறக்கமாட்டேன். தாத்தா சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடியபடியே, “ஆட்டக்காரப் பசங்களுக்குச் சம்பளம் யார் தருவா?” என்றார். நானோ வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் தள்ளிப்போனால் தாத்தாவின் கண்ணில் எவ்வளவு மிச்சமிருக்கும்? அவரும் அதே கணக்கைப் போட்டிருப்பார். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

நம் பள்ளியில் கேரளத்தைச் சேர்ந்த ஒரு சிஸ்டர் இருக்கிறார். யார் என்று சொல்லமாட்டேன், எல்லாருக்கும் தெரியும். அவர் பிளாஸ்டர்ஸ் பக்கம். நடைக்கூடத்தில் என்னைப் பார்த்தாலே, “என்ன, உங்க டீம் உயிரோடு இருக்கா?” என்று சிரிப்பவர், அந்த ஆகஸ்டில், “ஜெபம் பண்றேன், குழந்தே. ஆனா ரெண்டு டீமுக்கும் சேர்த்துத்தான்” என்றார்.

பிறகு கோவாக்காரரான கிளிஃபர்டு மிராண்டா பயிற்சியாளராக வந்தார். 2023-இல் ஒடிசா அணிக்கு சூப்பர் கோப்பை வாங்கித் தந்தவர் அவர். அண்ணன் நோட்டைத் திறந்தான். அக்டோபரில் சூப்பர் கோப்பையில் மோகன் பகானிடம் 2-0, ஈஸ்ட் பெங்காலிடம் 4-0 என்று தோற்றோம். நோட்டு மூடப்பட்டது. சித்தப்பா மட்டும், “ஆடினாங்களே, அது போதும்” என்றார்.

2026 ஜனவரியில், லீக் பிப்ரவரி 14-ஆம் தேதி தொடங்கும் என்று அறிவித்தார்கள். 14 அணிகள், 91 ஆட்டங்கள்; ஒவ்வொரு அணியோடும் ஒரே ஒரு முறைதான் மோத வேண்டும். சபை மறுபடி களை கட்டியது. “13 ஆட்டம்தானே, ஏழு ஜெயிச்சா மேலே வந்துடலாம், கப்பு நமக்குத்தான்” என்றார் சித்தப்பா. “தப்பு செஞ்சா திருத்திக்க ரெண்டாவது சுற்று கிடையாது, பத்தாவது” என்றான் அண்ணன். தாத்தா வெகுநேரம் யோசித்து, “ஏழாவது” என்றார். பிறகு, “இந்தத் தடவை கோல் கம்பத்துக்குப் பின்னாலே டிக்கெட் எடுங்க. ஓரத்திலே உட்கார்ந்தா பந்து குறுக்கே போவுது, விட்டுடறேன். பின்னாலே உட்கார்ந்தா நேரா நம்மகிட்டே வரும்” என்றார். இத்தனை மாதமாக அவர் யோசித்து வைத்திருந்தது அதைத்தான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், “ஒரு ஒத்திகை பார்த்துடலாமா?” என்று என்னைக் கூப்பிட்டார். அம்மாவிடம் மெழுகுவர்த்தி வாங்கப் போகிறோம் என்று சொன்னோம். (அம்மா இதைப் படிக்கும்போது மன்னிக்க வேண்டும்.) கலங்கரை விளக்கம் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, கூவத்தையும் நெடுஞ்சாலையையும் தாண்டி மெதுவாக நடந்தோம். என் தோளில் அவர் கை. நான் நடைபாதைப் பள்ளங்களையும், வலப்பக்கத்தில் வரும் ஸ்கூட்டர்களையும் சொல்லிக்கொண்டே வந்தேன். ஸ்டேடியத்தின் கேட் பூட்டியிருந்தது. தாத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

“புல் வெட்டியிருக்காங்களாம்மா?”

“இங்கேயிருந்து தெரியாது தாத்தா. நடுவிலே காலரி மறைக்குது.”

“வெட்டியிருப்பாங்க,” என்றார். திரும்பும் வழியில் ஞாபகமாக மெழுகுவர்த்தி வாங்கினோம்.